நத்தை பச்சைமுத்து

செஞ்சி
22.9.2024

என் தங்கச்சி செல்லம்மாளுக்கு உன் அண்ணன் பச்சைமுத்து செஞ்சியிலிருந்து எழுதுகிறேன். நான் இருக்கிறேன். உன் அண்ணி ராஜம்மாளும் இருக்கிறாள், வாயோடு சேர்த்து. அங்கே நீ எப்படி, உன் மகன் பீமாராவும் மருமகள் மகாலட்சுமியும் எப்படி? பவர்லூம் சத்தத்தில் போன உன் காது திரும்பி வந்ததா, இல்லை அங்கேயே வேலை பார்க்கிறதா?

போனில் தட்டி அனுப்பு மாமா என்று உன் மகன் சொல்கிறான். நான் தட்டினால் முதலில் அவன் படிப்பான், அப்புறம் அவன் பெண்டாட்டி படிப்பாள், மிச்சம்தான் உனக்கு வரும். இது அப்படிப் போகக்கூடாத சேதி. ஒரு வெட்கக்கேடு நடந்துவிட்டது. வேறு யாராவது சொல்லி நீ சிரிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பனமலையில் காதுகுத்து. பந்தியில் கேசரி. ஒரு தடவை வாங்கினேன். இரண்டாவது தடவை பக்கத்து இலைக்காரன் வேண்டாம் என்றதை வாங்கினேன். மூன்றாவது தடவை எதிர் வரிசைக்கு மாறி உட்கார்ந்து வாங்கினேன். கை கழுவப் போனபோது தலை சுற்றியது. தண்ணீர் டிரம்முக்குள் தலைகீழாக விழுந்துவிட்டேன். உள்ளே இருப்பது யார் என்று செருப்பைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்களாம். ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 386.

எனக்குச் சர்க்கரை இருப்பது ஆறு வருஷமாக உனக்கும் உன் அண்ணிக்கும் மட்டும் தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை வாங்கி மாடத்தில் வைத்தேனே தவிர வாயில் வைத்ததில்லை. இப்போது நெல் விற்கிற மார்க்கெட் கமிட்டியில் என்னோடு மூட்டை தூக்குகிற நாற்பது பேருக்கும் தெரியும். “இன்னா பச்சமுத்து, மூட்டைய எறக்கிட்டு டிரம்முல ரெஸ்ட் எடுக்கிறியா?” என்கிறான் மேஸ்திரி வீரமணி.

இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. நம் தெருக்கோடியில் முறிவெண்ணெய் விற்கிற துரைக்கண்ணு வைத்தியர் சர்க்கரைக்கு வயல் நத்தை கொடுக்கிறார். சதை சூப்புக்கு, ஓடு பொடிக்கு. அது வேலை செய்கிறதா என்று பார்க்கக் காலேஜிலிருந்து ஒரு பெண் வருகிறாள். பெயர் அனந்தி. பன்னிரண்டு பேர் பெயரை எழுதிக்கொண்டு வாராவாரம் விரலில் குத்திப் பார்க்கப் போகிறாள். அதில் நானும் ஒருவன்.

“மாத்திர உள்ள இருந்தா நத்தை வேலை செய்யாது, நிறுத்திட்டு வா” என்கிறார் வைத்தியர். “நிறுத்தவே கூடாது. யார் என்ன சாப்பிடறீங்களோ அதை மட்டும் உள்ளபடி சொல்லுங்க” என்கிறாள் அந்தப் பெண். நான் மாத்திரையை விட்டுவிட்டேன் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று மூன்று தடவை சொன்னாள். சுற்றி கமிட்டி ஆட்கள் நின்றார்கள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

உன் ஊசியை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்.

உன் அண்ணன்
பச்சைமுத்து


பெங்களூரு
3.10.2024

அண்ணனுக்குச் செல்லம்மாள். இங்கே மூன்று பேரும் சௌக்கியம். அண்ணியை நான் கேட்டதாகச் சொல்லவும். உன்னைக் கேட்கவில்லை, டிரம்மைத்தான் கேட்டேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லையே?

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையல்கட்டில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். மகாலட்சுமி வந்து பார்த்துவிட்டு எதற்கு என்று வாயை அசைத்தாள். ஒன்றுமில்லை என்றேன். இந்த வீட்டில் எனக்கென்று இருப்பது உன் கடிதம் ஒன்றுதான். மற்றதெல்லாம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது. பேசுகிறவர்கள் திரும்பிக்கொண்டால் நான் இல்லை.

ஊசி காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. வயிற்றில் குத்த இடம் தேட வேண்டியிருக்கிறது. மகாலட்சுமிதான் போடுகிறாள். நல்ல பெண், ஆனால் பஸ் பிடிக்கிற அவசரத்தில் குத்துவாள். பதினோரு வருஷமாகிறது. எதையாவது தின்று இது ஓயும் என்றால் நானும் நத்தை, ஆமை எல்லாம் தின்னத் தயார்.

உனக்கு வேலை செய்கிறதா என்று எனக்கு உண்மையை எழுது. மற்றவர்களிடம் எப்படி வேண்டுமானாலும் அளந்துவிடு.

செல்லம்மாள்


செஞ்சி
20.10.2024

செல்லம்மாளுக்கு அண்ணன். இங்கே மழை தொடங்கிவிட்டது. ஆட்களுக்கு நன்மையோ இல்லையோ, நத்தைகளுக்குக் கொண்டாட்டம். அதுவும் துரைக்கண்ணு சாக்குப்பையோடு வரப்பில் இறங்கும்வரைதான். உன் உடம்பு எப்படி?

சூப்பு எப்படி இருக்கும் என்று கேட்பாய். ரப்பர் செருப்பை மிளகு போட்டு வேகவைத்தால் எப்படியோ அப்படி. ஓட்டுப் பொடிக்கு ருசியே இல்லை, சுவரை நக்குவதுபோல இருக்கிறது. “உடும்பு இதவிட ஒசத்தி” என்று ஒருவன் சொன்னான். “உடும்பு தின்னா சக்கரை போவுதோ இல்லியோ, நீ ஜெயிலுக்குப் போவ” என்றார் வைத்தியர்.

அனந்தி மேல்சித்தாமூர்ப் பக்கத்து ஜைன வீட்டுப் பெண். முட்டைகூடத் தொடாத குடும்பம். வெந்நீரில் நத்தையைப் போடும்போது எழுந்து வாசலுக்குப் போய்விடுவாள். இருட்டினால் சாப்பிட மாட்டாள், பொழுது இறங்குவதற்குள் டிபன் பாக்ஸைத் திறந்துவிட வேண்டும். “ஏம்மா, நத்தையப் பாக்கவே மாட்டேங்கிற, ஒனக்கு எதுக்கு நத்தை ஆராய்ச்சி?” என்று வம்புக்கு இழுத்தேன். அவள் என் விரலைத் துடைத்துக்கொண்டே, “வேலை செய்யலன்னு தெரிஞ்சா அதுங்களாவது பொழச்சிப் போவும் இல்லீங்களா” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

இப்போது சேதி. முதல் வாரம் வெறும் வயிற்றில் 290. அப்புறம் 231. அப்புறம் 178. போன வாரம் 141. அனந்தி இரண்டு தடவை குத்திப் பார்த்தாள். மற்ற பதினோரு பேருக்கும் அப்படியே இருக்கிறது, சிலருக்கு ஏறியும் இருக்கிறது. எனக்கு மட்டும் படி இறங்குவதுபோல இறங்குகிறது. துரைக்கண்ணு என்னைத் தோளில் தூக்காத குறை. கமிட்டியில் டிரம் பேச்சு ஓய்ந்துவிட்டது.

உன் அண்ணிதான் தினமும் இரண்டு வேளை ஒரு டம்ளர் தண்ணீரோடு என் முன்னால் வந்து நிற்கிறாள். “நத்தைய தின்னு, ஆமைய தின்னு. மொதல்ல இத முழுங்கு” என்கிறாள். அந்தக் கதை பெரியது, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அண்ணன்
பச்சைமுத்து


பெங்களூரு
2.11.2024

அண்ணே, தீபாவளிக்கு நீ இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பட்டாசு எனக்குக் கேட்காது, வெளிச்சம் மட்டும் பார்த்தேன். எல்லாரும் சுகமே. உங்கள் சுகம்தான் இப்போது ஊருக்கே தெரிகிறதே.

290-லிருந்து 141 என்று நீ எழுதியதை ஏழு தடவை படித்தேன். உன் நம்பர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தலையணைக்குள் வைத்திருக்கிறேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே வியாதி. உனக்குக் கேட்கிறது எனக்குக் கேட்காதா என்ன?

சூப்புக்கு இங்கே நத்தை கிடைக்காது. அந்த ஓட்டுப் பொடியை அனுப்பு. மகாலட்சுமிக்குத் தெரிய வேண்டாம், பார்சலில் முறுக்கு மாவு என்று எழுது.

செல்லம்மாள்


செஞ்சி
11.11.2024

முறுக்கு மாவு கேட்ட தங்கச்சிக்கு. மாவு இதோடு வருகிறது. தப்பித்தவறி முறுக்குச் சுட்டுவிடாதே. இங்கே நாங்கள் நலம். அதிலும் நான் இரண்டு இடத்தில் நலமாக இருக்கிறேன். ஒன்று வீட்டில். இன்னொன்று பஸ் ஸ்டாண்ட் பக்கம், பதினைந்து அடி உயரத்தில்.

ஆமாம், துரைக்கண்ணு எனக்கு பேனர் வைத்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், எல்லார் கண்ணிலும் படுகிற இடம். ஒரு பக்கம் பெரிய நத்தை, இன்னொரு பக்கம் நான். ‘மாத்திரை இல்லை, ஊசி இல்லை, சர்க்கரையை வென்ற பச்சைமுத்து’ என்று எழுதியிருக்கிறது. போட்டோவில் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. எனக்கு இருபத்தாறுதான். மிச்சத்தை கம்ப்யூட்டரில் வைத்தார்களாம்.

முதல் மூன்று நாள் நானே டீ குடிக்கிற சாக்கில் போய்ப் போய்ப் பார்த்தேன். பொய் சொல்வானேன். நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவனை யார் நிமிர்ந்து பார்த்தார்கள்? இப்போது கோட்டை பார்க்க வருகிறவர்கள்கூட பஸ்ஸில் இருந்து எட்டிப் பார்க்கிறார்கள்.

நான்காம் நாளிலிருந்து வேறு மாதிரி. பக்கத்து வல்லத்திலிருந்து ஒரு அம்மாள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொல்லு சாமி, மாத்திரைய விட்டுடட்டுமா?” என்றாள். வைத்தியர் பக்கத்தில் நிற்கிறார். வீரமணி நிற்கிறான். ஒன்று, நான் ஆமாம் என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால், என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் இருமினேன். நன்றாக நீளமாக இருமினேன். அவள் தண்ணீர் கொண்டுவரப் போனாள், நான் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நம் கோட்டையில் கைதிக் கிணறு இருக்கிறதே, சின்ன வயதில் எட்டிப் பார்த்து நீ அழுதாயே. அதற்குள் போட்டவனுக்காவது நிமிர்ந்தால் வானம் தெரிந்திருக்கும். நான் நிமிர்ந்தால் என் பல்தான் தெரிகிறது.

பொடியைக் கொஞ்சமாகச் சாப்பிடு. ஊசியும் இருக்கட்டும்.

அண்ணன்
பச்சைமுத்து


பெங்களூரு
28.11.2024

அண்ணனுக்கு. பொடி வந்தது. சுவரை நக்குவதுபோல இருக்கிறது என்று சரியாகத்தான் எழுதினாய். அண்ணிக்கும் உனக்கும் உடம்பு நல்லபடி இருக்கட்டும்.

ஒரு நல்ல சேதி. ஊசியை விட்டுப் பத்து நாள் ஆகிறது. அவசரத்தில் நீ குத்த வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன் என்று மகாலட்சுமியிடம் சொல்லிவிட்டேன். அவள் வேலைக்குப் போனதும் ஊசி மருந்தைக் கறிவேப்பிலைத் தொட்டியில் விட்டுவிடுகிறேன். செடி தழைத்து நிற்கிறது. அதற்குச் சர்க்கரை இருந்திருக்கிறதோ என்னவோ.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு வயிற்றில் குத்தல் இல்லாமல் எழுந்திருக்கிறேன். எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. பீமாராவ் போனில் உன் பேனரைக் காட்டினான். பல்லைப் பார்த்துச் சிரித்தேன். அப்புறம் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காலில் புதுச் செருப்பு கடித்து ஒரு கொப்புளம். அவ்வளவுதான் விசேஷம்.

செல்லம்மாள்


செஞ்சி
5.12.2024

செல்லம்மா, இங்கே புயல் மழை பேயாக அடித்து ஓய்ந்தது. தெருவில் ஓடு பறந்தது, கமிட்டிக் கொட்டகையில் தகரம் பறந்தது, மூன்று நாள் கரண்ட் இல்லை. நாங்கள் பிழைத்துக் கிடக்கிறோம். பேனருக்கு ஒரு நூல்கூடப் பிரியவில்லை. விடிந்ததும் முதலில் அதைத்தான் போய்ப் பார்த்தேன், விழுந்திருக்கும் என்று. கழுவிவிட்டதுபோலப் பளபளவென்று இருக்கிறது.

உன் கடிதம் புயலுக்கு அப்புறம்தான் வந்தது. ஊசியை உடனே போடு. நத்தையும் ஊசியும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் கேட்கும் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள். பெண்களுக்கு ஊசி இல்லாமல் நத்தை பிடிக்காது என்றும் சொல்கிறார்கள். அதனால் போடு. கறிவேப்பிலைக்கு ஊற்றாதே. கொப்புளம் ஆறியதா? அதைப் பற்றி ஒழுங்காக எழுது.

இந்த வாரம் வல்லத்துக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். அங்கே ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது ஒருவன், “நீதான அந்த நத்தை பச்சமுத்து?” என்றான். “அது என் தம்பி” என்றேன். “பல்லு வேற மாதிரி இருக்குது, அதான் கேட்டேன்” என்றான். நான் ஏன் அந்த வரிசையில் நின்றேன் என்று நீ கேட்பாய். உன் அண்ணிக்குக் கால் வலி, அதற்காக.

ஊசியைப் போடு. நூறு தடவை எழுதியதாக வைத்துக்கொள்.

அண்ணன்
பச்சைமுத்து


பெங்களூரு
14.12.2024

அண்ணே, உன் கடிதம் பிடிக்கவில்லை. நலம் விசாரித்ததற்கு நன்றி.

பேசிக்கொள்கிறார்கள், சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். யார்? நீ என்ன சொல்கிறாய் என்று எழுதவே இல்லை. நீ மாத்திரை இல்லாமல் பேனரில் சிரிப்பாய், நான் மட்டும் கடைசிவரை குத்திக்கொண்டு கிடக்க வேண்டுமா? உனக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்துவிட்டால் உனக்கு என்ன குறைந்துவிடும்?

பொடி தீர்ந்துவிட்டது. இன்னும் அனுப்பு.

செல்லம்மாள்


பெங்களூரு
7.1.2025

மாமாவுக்கு மகாலட்சுமி எழுதுகிறேன். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் அத்தை ஒன்பது நாளாக ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். இடது காலில் கொப்புளம் புண்ணாகி, கறுத்து, காய்ச்சல் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சாக்ஸ் போட்டு மறைத்திருக்கிறார்கள். குளிருக்கு என்றார்கள், நம்பினேன். அன்றைக்குச் சர்க்கரை 468. வெள்ளிக்கிழமை ஒரு விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்புமா என்று இன்னும் பத்து நாள் பார்க்க வேண்டுமாம்.

துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது தலையணைக்குள் உங்கள் கடிதங்களும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தன. மன்னிக்கவும், எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மாவு டப்பாவையும் பார்த்தேன்.

உங்கள் மருமகன் செஞ்சிக்கு வந்து கேட்பேன் என்று நின்றார். நான்தான் தடுத்தேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும் மாமா. நிஜமாகவே நீங்கள் மாத்திரை சாப்பிடவில்லையா? ஆஸ்பத்திரியில் இப்போதும் ஊசி போட வந்தால் அத்தை கையைத் தட்டிவிடுகிறார்கள். எங்க அண்ணனுக்குக் கேட்டுது, எனக்கும் கேக்கும் என்கிறார்கள். நான் கத்தினாலும் அவர்களுக்குக் கேட்காது, முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். உங்கள் எழுத்து மட்டும்தான் அவர்களிடம் போகும்.

இப்போது நீங்கள் நேரில் வர வேண்டாம். உங்களைப் பார்த்தால் அத்தை சிரிப்பார்கள். அதை இப்போது என்னால் பார்க்க முடியாது.

மகாலட்சுமி


செஞ்சி
11.1.2025

மகாலட்சுமிக்கு மாமா. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். இதோடு மடித்து வைத்திருப்பதை அத்தையிடம் கொடு. அவள் முடிக்கும்வரை பக்கத்தில் நில். நீ கேட்டதற்கும் பதில் அதில் இருக்கிறது.

செல்லம்மா,

இதற்குக் கீழே இருப்பதை டிசம்பர் 20-ந் தேதி எழுதினேன். பெட்டியில் போடப் போனேன். போஸ்ட் ஆபீசுக்கு அந்த பேனரைத் தாண்டித்தான் போக வேண்டும். திரும்பி வந்துவிட்டேன். இருபத்திரண்டு நாள் சட்டைப் பையில் இருந்தது. மூட்டை தூக்கிய வேர்வையில் கலைந்த இடங்களில் மேலேயே மறுபடி எழுதியிருக்கிறேன். விளையாட்டு இல்லாமல் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. எழுத வராவிட்டால் பொறுத்துக்கொள்.

நான் மாத்திரை சாப்பிடுகிறேன். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. டிரம்மில் விழுந்த மறுநாளிலிருந்து ஒரு வேளை விடவில்லை. உன் அண்ணி விடவில்லை. டம்ளர் தண்ணீர் அதற்குத்தான். நத்தையும் தின்றேன், மாத்திரையும் தின்றேன். இறங்கியது மாத்திரையால். ஆறு வருஷம் மாடத்தில் வைத்திருந்ததை ஒழுங்காகத் தின்றால் இறங்காமல் என்ன செய்யும்? பேனர் வந்த பிறகு செஞ்சி ஆஸ்பத்திரியில் போய் நிற்க முடியவில்லை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வல்லத்தில் போய் வாங்கினேன். உன் அண்ணிக்குக் கால் வலி என்று எழுதியது பொய்.

முதல் நாள் கமிட்டி ஆட்கள் முன்னால் வீம்புக்குச் சொன்னேன். அப்புறம் இறக்கிக்கொள்ள வழி தெரியவில்லை. மூட்டையாக இருந்தால் எங்கே போடுவது என்று எனக்குத் தெரியும்.

இது வரைக்கும் பழையது. இனிமேல் எழுதுவது இன்றைக்கு.

மகாலட்சுமி கடிதத்தை உன் அண்ணி படித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டாள், மீதியை நானே படித்தேன். நீ ஊசியை விட்டுவிட்டேன் என்று எழுதிய அன்றைக்கே இதை நான் எழுதியிருக்க வேண்டும். அன்றைக்கு உன் விரல் இருந்தது. நான் நத்தையும் ஊசியும் சேர்ந்தால் நல்லது என்று கதை எழுதினேன்.

காலையில் அனந்தி வந்தாள். அவளிடம் சொல்லிவிட்டேன். “உங்களுக்கு மட்டும் ஏன் எறங்குதுன்னு மூணு மாசமா தூங்கலீங்க” என்றாள். நோட்டில் என் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தாள். “அந்த பேனரப் பாத்து எத்தன பேரு மாத்திரைய விட்டாங்க?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. வல்லத்து அம்மாள் வீட்டுக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அவள் விட்டிருந்தாள். சொன்னோம். கதவைச் சாத்திக்கொண்டாள், ஆனால் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டுதான் சாத்தினாள்.

ஊசி போட வந்தால் கையைக் காட்டு. என் மேல் இருக்கிற கோபத்தை நர்ஸ் மேல் காட்டாதே. உன் அண்ணனுக்கு நத்தை கேட்கவில்லை.

பச்சைமுத்து


பெங்களூரு
30.1.2025

அண்ணனுக்குச் செல்லம்மாள். வீட்டுக்கு வந்துவிட்டேன். பாதம் தப்பியது. கட்டைவிரலுக்குப் பக்கத்து விரல்தான் இல்லை. மெட்டி போடுகிற விரல். அவர் போனதிலிருந்து மெட்டி இல்லை, அதனால் பரவாயில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியவில்லை. மகாலட்சுமிக்குத் தெரிந்தது, வெளியே போய்விட்டாள்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் கையைக் காட்டினேன். இப்போது நான்கு வேளை ஊசி. மகாலட்சுமிதான் போடுகிறாள், மெதுவாக.

நான் நத்தையை நம்பியா ஊசியை விட்டேன்? உண்மையை எழுது என்று உன்னிடம் மட்டும்தானே கேட்டேன். ஊருக்கு எதை வேண்டுமானாலும் சொல் என்று எழுதியிருந்தேன். நீ ஊருக்கு எழுதியதை எனக்கும் எழுதிவிட்டாய். என் காதில் விழுகிற ஒரே குரல் உன் எழுத்து. இனிமேல் அதையும் இரண்டு தடவை பார்த்துத்தான் நம்ப வேண்டும். அதுதான் வலிக்கிறது, விரல் அவ்வளவாக இல்லை.

பங்குனியில் ஊருக்கு வருகிறேன். பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அந்த பேனர் அங்கே இருக்கக்கூடாது. அண்ணிக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்காக என் கும்பிடு.

செல்லம்மாள்


செஞ்சி
9.2.2025

தங்கச்சி செல்லம்மாளுக்கு அண்ணன். உன் கால் எப்படி? கட்டு மாற்றும்போது வலிக்கிறதா? இங்கே உன் அண்ணி நலம். நான் நலம் என்று எழுதுவதற்கு முன் சிலதைச் சொல்ல வேண்டும்.

துரைக்கண்ணுவிடம் போய் பேனரை இறக்குங்கள் என்றேன். எல்லாவற்றையும் சொல்லித்தான் கேட்டேன். “எங்க அப்பன் குடுத்தது, அவங்க அப்பன் குடுத்தது. ஒன்னால அது பொய்யாயிடுமா?” என்றார். “என்னாலதான அது மெய்யாச்சு, அந்தக் கணக்குதான்” என்றேன். மாசி முடியட்டும், பார்க்கலாம் என்றார். அவருக்கும் இறங்க வழி தெரியவில்லை என்று நினைக்கிறேன். நீ பங்குனியில் வருகிறாய். நான் காத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கமிட்டியிலிருந்து ஏணி எடுத்துக்கொண்டு போனேன். வீரமணி ஏணியைப் பிடித்தான். ஏன் இறக்குகிறேன் என்று அவனிடமும் சொல்லியிருந்தேன். அவன் எதுவும் கேலி செய்யவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. புயலுக்கு அசையாத பேனர் என்பதால் முடிச்சுகள் இறுகியிருந்தன. நத்தைப் பக்கம் இரண்டு கயிற்றையும் அறுத்தேன். என் பக்கம் மேல் கயிற்றை அறுத்ததும் சட்டம் முழுக்க என் பக்கம் சாய்ந்தது. நான் பதினைந்து அடி இல்லை, பத்து அடிதான் விழுந்தேன். பேனர் என்னைச் சுற்றிக்கொண்டது. பிரித்தெடுக்க மூன்று பேர் வந்தார்கள். நெற்றியில் சட்டத்தின் ஆணி கிழித்திருந்தது.

செஞ்சி ஆஸ்பத்திரிக்கே தூக்கிப் போனார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை கொடுக்கிற நாள். வரிசை வாசல்வரை நின்றது. அதில், மாத்திரையை விடலாமா என்று என்னிடம் வந்து கேட்டுப் போனவர்கள் ஐந்தாறு பேரைப் பார்த்தேன். நர்ஸ் தூரத்தில் இருந்தே சத்தமாகக் கேட்டாள்.

“சுகர் இருக்குதா?”

“இருக்குது.”

“மாத்திர சாப்படறீங்களா?”

“சாப்படறேன்.”

“தெனமுமா?”

“தெனமும், ரெண்டு வேள.”

எழுதிக்கொண்டாள். நான்கு தையல் போட்டார்கள். ஒன்று சரியாக விழவில்லை என்று பிரித்து மறுபடி போட்டார்கள். பேனரில் என் முகம் மூக்குக்குக் கீழே கிழிந்துவிட்டது. மிச்சத்தை உன் அண்ணி கோழிக்கூண்டின்மேல் போட்டிருக்கிறாள்.

அண்ணன்
பச்சைமுத்து